நடக்கும் சிங்கமும் நிற்கும் சிங்கமும்

தில்லியில் என் விடுதி அறை மேசைமேல் இரண்டு இயந்திரச் சிங்கங்கள் இருக்கின்றன. இரண்டும் நெகிழிச் சட்டங்களிலிருந்து உறுப்பு உறுப்பாக வெட்டியெடுத்து நானே பொருத்தியவை. ஒன்றின் வயிற்றுக்குள் சிறு மோட்டார் உண்டு. பொத்தானை நகர்த்தினால் வாயைத் திறந்து மூடியபடி மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கும். ஆனால் அதன் ஒரு காலைக்கூட நான் விரும்பியபடி தூக்கி நிறுத்த இயலாது. மற்றொன்றில் மோட்டார் இல்லை. கழுத்து, தோள், முழங்கால், கணுக்கால், விரல் என எங்கும் மூட்டுகள். பதுங்கவும் பாயவும் திரும்பிப் பார்க்கவும் வைக்கலாம். ஆனால் ஓரடிகூட நடக்காது. அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: "இரண்டில் எது நல்லது?"

எளிய கேள்விதான். ஆயினும் இதற்கு நேர்மையான விடை சொல்ல முயன்றபோது, மதிப்பீடு என்ற செயலைப் பற்றியே நான் சிந்திக்க வேண்டியதாயிற்று. ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கும் அதை மதிப்பிடுகிறவர்களுக்கும் இந்தப் பொம்மைகளில் ஒரு பங்கு இருப்பதாகக் கருதுவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இத்தகைய கிட்களின் வரலாறு ஜப்பானில் தொடங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் டோமி நிறுவனம் 'ஸோய்ட்ஸ்' என்ற வரிசையை வெளியிட்டது. விலங்குகளின், தொல்லுயிர்களின் வடிவில் அமைந்த இயந்திரங்கள் அவை. பசை தேவையில்லை; உறுப்புகளை அழுத்திப் பொருத்தி, அச்சுகளின் முனையில் சிறு ரப்பர் மூடிகளை மாட்டினால் போதும். சிறியவற்றுக்குச் சாவி கொடுக்கும் சுருள்வில், பெரியவற்றுக்கு மின்கல மோட்டார். அவற்றின் பெருமை முழுவதும் நடப்பதில்தான் இருந்தது. 2006 முதல் கோட்டோபுகியா நிறுவனம் அதே விலங்குகளை 1/72 அளவில், மோட்டாரை நீக்கிவிட்டு, நுணுக்கமான மூட்டுகளோடு வெளியிடத் தொடங்கியது. 2018இல் டகாரா டோமி 'ஸோய்ட்ஸ் வைல்ட்' என்ற வரிசையின் மூலம் மறுபடியும் நடைக்கே திரும்பியது. இதில் கட்டுபவர் முதலில் எலும்புக்கூட்டைப் பொருத்தி, அதன்மேல் கவசத்தை அணிவிக்க வேண்டும். புதைபடிவத்திலிருந்து ஒரு விலங்கை மீட்டெடுப்பது போன்ற அனுபவம் அது. ஆக, ஒரே குடும்பத்துக்குள்ளேயே நடையும் நிலையும் மாறி மாறி முதன்மை பெற்றிருக்கின்றன.

நடக்கும் சிங்கத்தின் உள்ளமைப்பை முதலில் பார்ப்போம். மோட்டாரின் அச்சு மிக வேகமாகச் சுழல்வது. அந்த வேகம் அப்படியே காலுக்குப் போனால் சிங்கம் துள்ளிக் கவிழும். ஆகவே சிறு பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனோடு ஒட்டிய மற்றொரு சிறு சக்கரம் அடுத்த பெரியதைச் சுழற்றுகிறது. படிப்படியாக வேகம் குறைய, திருப்பும் வலிமை கூடுகிறது. இறுதிச் சக்கரத்தின் இருபுறமும் மையத்திலிருந்து சற்று விலகிய முளைகள் உள்ளன. ஒரு புறத்து முளை மேலே இருக்கும்போது மறுபுறத்தது கீழே இருக்கும். 180 பாகை வேறுபாடு. முளை வட்டமிடும்போது அதில் மாட்டிய காலும் உடன் இழுபடுகிறது. ஒரு நீள்துளை காலின் போக்கைக் கட்டுப்படுத்துவதால் பாதம் முட்டை வடிவப் பாதை ஒன்றை வரைகிறது. பாதையின் கீழ்ப்பகுதியில் பாதம் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மேற்பகுதியில் காற்றில் முன்னே வருகிறது.

இந்த அமைப்பின் அழகு இதன் கண்டிப்பில் இருக்கிறது. நான்கு கால்களும் ஒரே மோட்டாருக்குக் கட்டுப்பட்டவை. ஒன்று எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மற்ற மூன்றும் எங்கே என்று சொல்லிவிடலாம். அதனால்தான் அது நடக்கிறது; அதனாலேயே அதை வேறு நிலையில் நிறுத்தவும் முடியாது. காலைக் கையால் திருப்பினால் பற்சக்கரம் உடையும். உண்மையான பூனையினத்து விலங்கு மெதுவாக நடக்கையில் இடப் பின்னங்கால், இட முன்னங்கால், வலப் பின்னங்கால், வல முன்னங்கால் என்ற வரிசையில் அடியெடுத்து வைக்கும். என்னிடமுள்ள கிட்டிலோ இட முன்னங்காலும் வலப் பின்னங்காலும் ஒன்றாக எழுகின்றன. பாதங்கள் தரையில் சற்றுத் தேய்கின்றன. இருந்தும், அது மேசைமேல் நடந்து வரும்போது பார்ப்பவர்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள்.

நிற்கும் சிங்கத்தின் உழைப்பு வேறு வகை. அதன் உறுப்புகள் மிகப் பல. ஒவ்வொன்றையும் நிப்பரால் சட்டத்திலிருந்து இரண்டு முறையாக வெட்ட வேண்டும். முதலில் சற்றுத் தள்ளி, பிறகு ஒட்டி. ஒரே வெட்டில் எடுத்தால் நெகிழி வெளுத்துத் தழும்பு விழும். பிறகு 400, 800, 1000 என்று உப்புத்தாளை நுண்மையாக்கிக்கொண்டே தேய்க்க வேண்டும். உள்ளே ஒரு சட்டகம், அதன்மேல் கவசம். கால் மடங்கும்போது உருளைத் தண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்லும். இவ்வளவும் வெளியே தெரிவது மிகக் குறைவு. இரண்டு பருவ விடுமுறைகளின் மாலைகள் அதற்குப் போயின.

கட்டி முடித்த பிறகுதான் சோதனை தொடங்குகிறது. எந்த நாற்கால் மாதிரியையும் நான் ஐந்து நிலைகளில் சோதிக்கிறேன்: இயல்பாக நிற்றல், அமர்தல், ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்றல், தலையைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்தல், தரையோடு பதுங்குதல். இவற்றுள் ஒரு காலைத் தூக்குவது எளிதாகத் தோன்றும். நிற்கும் மூன்று பாதங்களை இணைத்தால் தரையில் ஒரு முக்கோணம் கிடைக்கும். உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே விடும் தூக்குக்குண்டு அந்த முக்கோணத்துக்குள் விழ வேண்டும். இல்லையேல் சிங்கம் சாயும். ஆகவே காலைத் தூக்கும் முன் உடலை எதிர்ப்புறம் சற்று நகர்த்த வேண்டும். அதற்கு மற்ற மூன்று கால்களும் பக்கவாட்டில் சாயக்கூடிய மூட்டுகளைப் பெற்றிருக்க வேண்டும். முன்னும் பின்னும் மட்டும் அசையும் மூட்டுகள் எத்தனை இருந்தும் பயனில்லை. தூக்கிய காலின் பெருமை ஊன்றிய கால்களின் பக்கவாட்டு மூட்டுகளில் இருக்கிறது.

அடுத்தது, நிலைத்து நிற்பது. மூட்டின் உராய்வு, உடலெடை அம்மூட்டைச் சுற்றி உண்டாக்கும் திருப்புத்திறனைவிட மிகுதியாக இருந்தாக வேண்டும். முகப்பில் எடை கூடிய கிட்களில் முன்னங்கால்கள் இரவோடிரவாக மெல்ல மடங்கிவிடும். காலையில் பார்த்தால் பாய்ந்துகொண்டிருந்த சிங்கம் மண்டியிட்டிருக்கும். என் கிட்டிலும் சில மாதங்களில் இது நேர்ந்தது. மூட்டின் முளையில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லிய படலமாகத் தடவி, முழுதும் காய்ந்த பிறகு பொருத்தினால் பிடிப்பு மீளும். படிப்படியாக 'டிக், டிக்' என்று பூட்டிக்கொள்ளும் பல்மூட்டுகள் தளர்வதில்லை. ஆனால் இரண்டு படிகளுக்கு இடையிலுள்ள நிலையை அவற்றால் தர இயலாது. நுண்மையும் உறுதியும் ஒரே மூட்டில் சேர்ந்து கிடைப்பது அரிது.

மிகக் கடினமான சோதனை அமர்தல். வீட்டுப் பூனை அமர்வதை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். அதன் பின்னங்காலில் பின்னோக்கி மடங்கியிருப்பதாகத் தோன்றும் 'முழங்கால்' உண்மையில் கணுக்கால். அது விரல்களால் நடக்கும் விலங்கு. குதிகால் தரையிலிருந்து உயர்ந்தே இருக்கும். மெய்யான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. அமரும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒருங்கே மடங்க, முதுகெலும்பு வில்லாக வளைகிறது. கிட்களிலோ உடல் பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி. தோளும் அவ்வாறே. பூனையினத்தில் காறையெலும்பு மிகச் சிறியது. அது தோள்பட்டை எலும்பை மார்புக்கூட்டோடு பிணைப்பதில்லை. தோள்பட்டை தசைகளால் தாங்கப்பட்டு முன்னும் பின்னும் வழுக்கிச் செல்கிறது. பதுங்கி வரும் புலியின் முதுகுக்கு மேல் இரண்டு தோள்களும் மாறி மாறி எழுந்து தாழ்வது அதனால்தான். நெகிழிச் சிங்கத்தின் தோளோ ஒரே இடத்தில் ஊன்றிய முளை. எத்தனை மூட்டுகள் சேர்த்தாலும் அந்த வழுக்கல் இல்லாதவரை பதுங்கும் நிலையில் ஒரு பொய் இருந்துகொண்டே இருக்கும்.

நிலை என்பதே பொய்யாகவும் இருக்கலாம் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. ஓடும் குதிரையை ஐரோப்பிய ஓவியர்கள் நெடுங்காலம் முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டி, நான்கும் தரையைத் தொடாத நிலையில் வரைந்தார்கள். ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தய ஓவியம் அவ்வகையது. 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த கேமராக்களால் எடுத்த படங்கள், குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மை என்றும், அது நிகழ்வது கால்கள் வயிற்றுக்கடியில் குவியும் நொடியில் என்றும் காட்டின. நீட்டிய நிலையில் குதிரை பறப்பதில்லை. ஆனால் சிறுத்தைப்புலி குவிந்த நிலை, நீண்ட நிலை இரண்டிலும் தரையை விட்டு எழுகிறது. வளைந்து நிமிரும் அதன் முதுகெலும்பு இதற்குத் துணை. எனவே அட்டைப்பெட்டிகளில் அச்சிடப்படும் அந்தப் பாய்ச்சல் நிலை, குதிரை வடிவ கிட்டுக்குப் பிழை, சிறுத்தை வடிவ கிட்டுக்குச் சரி. ஒரே நிலை, ஒரே மூட்டுகள், இரு வேறு தீர்ப்புகள்.

இவ்வளவையும் எழுதிவைத்த பிறகு, மதிப்பெண் போடும் இடத்தில் நின்றுவிட்டேன். இத்துறையில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடுவது வழக்கம். நடக்கும் சிங்கத்துக்கு 'நிலைகள்' என்ற தலைப்பில் சுழியம் போட வேண்டும். நிற்கும் சிங்கத்துக்கு 'இயக்கம்' என்ற தலைப்பில் சுழியம். கூட்டிப் பார்த்தால் இரண்டும் நடுத்தரம். ஆனால் இரண்டுமே தத்தம் வகையில் சிறந்தவை என்று என் கைகளுக்குத் தெரியும். அளவுகோலில்தான் ஏதோ குறை.

இவ்விடத்தில் எனக்கு உதவியது நம் சொல்லொன்று. 'மாதிரி' என்று நாம் சொல்லும்போது அது பெயராகவும் நிற்கிறது, உவம உருபின் வேலையையும் செய்கிறது. 'சிங்கத்தின் மாதிரி' என்பது ஒரு பொருள். 'சிங்கம் மாதிரி' என்பது ஓர் ஒப்பீடு. முன்னதற்குள் பின்னது ஒளிந்திருக்கிறது. எந்த மாதிரியும் ஓர் உவமைதான். அப்படியானால் உவமையை எவ்வாறு ஆராய்வது என்று கேட்டவர்களிடமே போகலாம்.

தொல்காப்பியத்தின் உவமவியல், ஒப்பீடு பிறக்கும் நிலைக்களன்களை வினை, பயன், மெய், உரு என நான்காகத் தருகிறது. புலியைப் போலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை வினையில். மழையைப் போல வழங்கினான் என்றால் பயனில். உடுக்கையைப் போன்ற இடை என்றால் மெய்யில், அதாவது வடிவில். பொன்னைப் போன்ற மேனி என்றால் உருவில், அதாவது நிறத்தில். பொன் கடினமானது, மேனி மென்மையானது என்று யாரும் அவ்வுவமையைக் குறைகூறுவதில்லை. கேட்பவர் ஒப்புமை எதில் என்று முதலில் அறிகிறார். பிறகே அது பொருந்துகிறதா என்று பார்க்கிறார். இவ்வரிசை முக்கியமானது.

என் மேசைக்கு இதைப் பொருத்தினால் குழப்பம் விலகுகிறது. நடக்கும் சிங்கம் வினையுவமம். அதன் உடல் பெட்டியாக இருக்கலாம், பாதம் தேயலாம். நடையில் சிங்கத்தன்மை இருக்கிறதா என்பதே கேள்வி. நிற்கும் சிங்கம் மெய்யுவமம். அது நடக்கவில்லை என்பது குற்றச்சாட்டாகாது. தோள் வழுக்காதது குற்றச்சாட்டாகும். வண்ணம் தீட்டுவதையே முதன்மையாகக் கொண்டு, மூட்டே இல்லாத சிலைகளைச் செய்கிறவர்கள் உருவில் நிற்கிறார்கள்.

பயனில் நிற்கும் மாதிரி எது என்று யோசித்தபோது திப்புவின் புலி நினைவுக்கு வந்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயரால் எடுத்துச் செல்லப்பட்டு, இன்று லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் மரப்புலி அது. கீழே கிடக்கும் ஐரோப்பியன் ஒருவனின் மேல் பாய்ந்து நிற்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கி உறுமலும் ஓலமும் எழும். புலியின் கால்கள் அசையா, தலை அசையாது. அசைவது ஒன்றே ஒன்று: அந்த மனிதனின் கை. மூட்டுகளை எண்ணி மதிப்பெண் போட்டால் திப்புவின் புலிக்குக் கிடைப்பது ஒன்று. ஆனால் அதைச் செய்தவர் விரும்பியது புலியின் உடலமைப்பை விளக்குவதா? புலி உண்டாக்கும் அச்சத்தையும், அது யாருக்கு உண்டாக வேண்டும் என்பதையும் அவர் செய்து காட்டினார். அசைய வேண்டியது இரையின் கை என்று கண்டறிந்ததே அவரது திறமை.

தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ஹரப்பா கூடத்தில் மொகஞ்சதாரோவின் சுடுமண் விலங்கொன்றைத் தேடிப் பாருங்கள். உடல் தனி, தலை தனி. கயிற்றால் இயங்கித் தலையாட்டும்படி அமைத்த விளையாட்டுப் பொருள். நான்காயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் பொம்மையில் மூட்டு ஒன்றே. கால்கள் வெறும் கட்டைகள். ஆனால் மாட்டோடு பழகியவர்களுக்குத் தெரியும், நின்றபடியே மாடு செய்யும் முதன்மையான செயல் தலையை ஆட்டுவது. செய்தவர் ஒரேயொரு மூட்டை மட்டும் வைக்க முடிந்தபோது அதைக் கழுத்தில் வைத்தார். இதைவிடச் சிக்கனமான நாற்கால் ஆராய்ச்சியை நான் பார்த்ததில்லை.

இவற்றுக்கு நேரெதிர், சுங்கத்துறையின் பார்வை. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சுங்க வகைப்பாட்டில் 9503 என்ற தலைப்பு பொம்மைகளையும் சிறிதாக்கிய மாதிரிகளையும் ஒருங்கே அடக்குகிறது. இயங்கினாலும் இயங்காவிட்டாலும் ஒன்றே என்று அத்தலைப்பே கூறிவிடுகிறது. இந்தியாவில் இத்தலைப்பின் கீழ் வருவனவற்றுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பது நோக்கம். அதில் நியாயம் உண்டு. வரி விதிப்பவருக்கு நடையும் நிலையும் ஒன்றாக இருப்பதிலும் தவறில்லை. அவருடைய வேலை வகைப்படுத்துவது, மதிப்பிடுவது அன்று. மதிப்பிடுகிறவர் சுங்க அதிகாரியைப் போல் நடந்துகொள்ளும்போதுதான் சிக்கல்.

மொழியியல் படித்தவர்களுக்கு இது பழைய கதை. 1954இல் சார்லஸ் ஹாக்கெட் 'வேர்ட்' இதழில், இலக்கண விவரிப்பின் இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒன்று, உறுப்புகளையும் அவற்றின் அடுக்கையும் கொண்டு மொழியை விவரிப்பது. மற்றது, உறுப்புகளையும் அவற்றின்மேல் நிகழும் செயல்களையும் கொண்டு விவரிப்பது. 'மரங்கள்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், 'மரம்', 'மரங்' என இரு வடிவங்கள் உள்ளன, பன்மை விகுதிக்கு முன் பின்னது வரும் என்று முதல் மாதிரி சொல்லும். 'மரம்' என்பதன் மகரம் ககரத்தின் முன் ஙகரமாகத் திரிகிறது என்று இரண்டாம் மாதிரி சொல்லும். முன்னது நிலை, பின்னது இயக்கம். ஹாக்கெட் யாருக்கும் முடிசூட்டவில்லை. ஒரு மாதிரியை எவற்றால் மதிப்பிடுவது என்பதையே தனியாக எடுத்து, பொதுமை, திட்பம், முழுமை, ஆக்கத்திறன், சிக்கனம் என்ற ஐந்து அளவைகளை முன்வைத்தார். அளவைகளை வெளிப்படையாக எழுதிவிட்டுப் பிறகு பேசுவோம் என்ற அந்த ஒழுங்குதான் அக்கட்டுரையில் எனக்கு இன்றும் பெரிதாகப் படுவது.

இனி, இதை இப்போது எழுதக் காரணத்துக்கு வருகிறேன். எனக்கு இளையவள் ஒருத்தி, திருநெல்வேலிக்காரி, வேறொரு பல்கலைக்கழகத்தில் மால்டோ மொழியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஜார்க்கண்டின் ராஜ்மகல் மலைப்பகுதியில் பேசப்படும் திராவிட மொழி அது. ஒருமையில் ஆண்பாலுக்கும் மற்ற அனைத்துக்கும் இடையே கோடு கிழித்து, பன்மையில் மக்களுக்கும் மக்களல்லாதவற்றுக்கும் இடையே கோடு கிழிக்கும் மொழி. தமிழின் திணை பால் பகுப்போடு வளர்ந்தவர்களுக்கு வியப்பளிப்பது. அவள் மூன்று ஆண்டுகளாகக் கதைகளைப் பதிவுசெய்து, சொல்லுக்குச் சொல் பொருள் பிரித்து, ஒரு விவரண இலக்கணம் எழுதிக்கொண்டிருக்கிறாள். தேசியத் தகுதித் தேர்வு உதவித்தொகை அவளுக்கு இல்லை. மாதம் 8,000 ரூபாயில் தில்லியிலும் மலையிலுமாக வாழ்கிறாள். சென்ற அரையாண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் குழுவினர் கேட்டது: "விவரிப்பு இருக்கிறது. கோட்பாடு எங்கே?" குறிப்பேட்டில் முன்னேற்றம் போதாது என்று பதிவாயிற்று. அடுத்த கூட்டத்திலும் அவ்வாறே பதிவானால் உதவித்தொகையின் தொடர்ச்சி ஐயத்துக்குரியது.

அன்றிரவு என் அறைக்கு வந்து நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அக்கா, ஊருக்குப் போய் பி.எட். சேர்ந்துடலாமான்னு இருக்கு" என்றாள். "உன் பதிவுத் தலைப்புல என்ன இருக்கு?" என்று கேட்டேன். மூன்றாண்டுகளுக்கு முன் அதே துறை ஒப்புதல் அளித்த ஆய்வுத் திட்டத்தை எடுத்துக் காட்டினாள். 'மால்டோ மொழியின் விவரண இலக்கணம்' என்று தெளிவாகவே இருந்தது. நிற்கும் சிங்கத்தைச் செய்துவா என்று அனுப்பியவர்கள், கொண்டுவந்த பிறகு நடக்கச் சொல்கிறார்கள்.

குழு கேட்டது பொருளற்ற கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன். எந்த விவரிப்பிலும் ஒரு கோட்பாடு உட்கார்ந்திருக்கிறது. 'வேற்றுமை' என்று ஒரு தலைப்பு இட்டவுடனேயே ஒரு கோட்பாட்டை ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதை வெளிப்படையாகச் சொல் என்று கேட்டிருந்தால் அது அவளுக்கு உதவியிருக்கும். அவர்கள் கேட்டதோ வேறொரு ஆய்வேட்டை.

ஒவ்வொன்றையும் அதனதன் அளவையால்தான் மதிப்பிட வேண்டுமென்றால் எல்லாமே தேறிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. அளவை குறுகும்போது சோதனை கடுமையாகிறது. நிற்பதற்கென்றே செய்த சிங்கம் தூக்கிய காலை ஓரிரவு தாங்காவிட்டால், அதற்கு நடையைக் காட்டித் தப்பிக்கும் வழியில்லை. அது தோற்றுவிட்டது. அவளிடமும் அப்படித்தான் கேட்டோம், நானும் இன்னும் இரு நண்பர்களும். ஒரே உருபுக்கு எல்லா இடங்களிலும் ஒரே பொருட்குறிப்பு தந்திருக்கிறாயா? நெடிலும் குறிலும் பொருளை மாற்றும் இடங்களுக்கு ஒலிப்பதிவுச் சான்று உண்டா? வேறொருவர் உன் எடுத்துக்காட்டிலிருந்து மூலக் கதைக்குப் போய்ச் சேர முடியுமா? உன் இலக்கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு உன் தொகுப்பில் இல்லாத ஒரு கதையைப் படிக்க முடியுமா? நான்கு வாரங்கள் ஆயிற்று. சில அட்டவணைகளை முழுதாகத் திருத்தி எழுதினாள். குழுவின் கேள்வியைவிட இவை அவளை அதிகம் வாட்டின; ஆனால் இம்முறை பி.எட். பற்றிய பேச்சு எழவில்லை.

அதோடு, முன்னுரைக்குப் பின் இரண்டு பக்கங்கள் சேர்த்திருக்கிறாள். இவ்விலக்கணம் எதைச் செய்ய முயல்கிறது, எதைத் தெரிந்தே விட்டுவிடுகிறது, எந்த அளவைகளால் இதைச் சோதிக்கலாம் என்பன அதில் உள்ளன. அடுத்த கூட்டம் வரும் மாதம். முடிவு என்னவாகும் என்று தெரியாது. குழுவினர் அந்த இரண்டு பக்கங்களைப் படித்துவிட்டு, இந்த அளவைகளே போதாதவை என்று வாதிட்டாலும் சரி. அது ஒரு கல்விசார் வாதமாக இருக்கும். அளவையே சொல்லாமல் போதாது என்று எழுதுவதற்கு எதிர்வாதம் செய்யக்கூட வழியில்லை.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாதிரி வினையா, பயனா, மெய்யா, உருவா என்பதை நீங்களே முதல் அதிகாரத்தில் எழுதிவிடுங்கள். மோட்டாரை எதற்காக எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு அந்த ஒன்றில் தயவு காட்டாதீர்கள். மதிப்பிடும் இடத்தில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் கேட்பது இன்னும் சிறியது: மதிப்பெண்ணுக்கு மேலே ஒரு வரியில், இவ்வேட்டிடம் நாங்கள் கேட்டது இன்னது என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் எங்கே திருத்துவது என்று மாணவருக்குத் தெரியும்.